கரும்பு ஆலை ஓடும் மாதத்தில் பரீட்சை

ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில், புத்தலப்பட்டுப் பக்கத்தில் பரீட்சைக் காலமும் வெல்லம் காய்ச்சும் காலமும் ஒன்றாகத்தான் வரும். மார்கழியில் கரும்பு வெட்டத் தொடங்கினால் பங்குனி வரைக்கும் ஆலைக் கொட்டகையில் அடுப்பு அணையாது. சக்கையைக் காயப்போட ஆள் வேண்டும், காய்ந்ததை அடுப்புக்குள் தள்ள ஆள் வேண்டும், கரும்பை ஆலைவாயில் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஏழாவது, எட்டாவது படிக்கும் பையன் அந்த வேலைக்கு அளவெடுத்த ஆள். அரையாண்டுத் தேர்வு வேர்க்கடலை பிடுங்கும் சமயத்தை ஒட்டி வரும். ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு தோத்தாபுரி மாங்காய் இறங்கத் தொடங்கும். பெற்றவர்கள் மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட நாட்காட்டி தயாரிப்பவர்களுக்கு எங்கள் ஊர் வெள்ளாமை தெரிய நியாயமில்லை. அதனால் பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்வதற்கு முன்னால் வீட்டைத் தயார் செய்ய வேண்டியிருந்தது.

அந்த மண்டலத்தில் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள்தான் பெரும்பாலும் என் பொறுப்பு. பத்தாம் வகுப்புக்குத் தலைமையாசிரியர் முதல் அதிகாரிகள் வரை எல்லோரும் கவலைப்படுவார்கள். இந்த நடு வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆள் குறைவு. பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள இந்தப் பிள்ளைகள்தான் தனியாக ரோட்டைத் தாண்டத் தொடங்குகிறார்கள், தனியாகக் கிணற்றில் இறங்கத் தொடங்குகிறார்கள், வீட்டில் எதைச் சொல்வது எதை மறைப்பது என்று தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் வீட்டாரோடு பேசியதைத்தான் என் வேலையின் பெரிய பகுதியாக நினைக்கிறேன்.

அவர்களோடு எந்த மொழியில் பேசுவது என்பதற்கு ஊர் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். சித்தூர் ஜில்லா உருவானது 1911-இல். அதற்கு முன்பு இந்த ஊரெல்லாம் வட ஆர்க்காடு. அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போயிற்று. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழப் பழகிய ஜனங்கள். பிள்ளைக்குத் தெலுங்கு எழுத்து ஓடும், அம்மாவுக்குத் தெலுங்கு பேச்சு மட்டும் ஓடும், பாட்டிக்கு அதுவும் அரைகுறை. பள்ளியிலிருந்து போகும் சுற்றறிக்கை தெலுங்கில் இருக்கும். அது பையில் மடிந்து, புளிக்குழம்புக் கறை பட்டு, வெள்ளிக்கிழமை பையைத் துவைக்கும்போது வெளியே வரும்.

ஒரு அம்மா அந்தத் தாளோடு பள்ளிக்கே வந்தார். "டீச்சரம்மா, எங்க ஊட்ல படிச்சவங்க யாரும் இல்ல. இதுல இன்னா போட்டிருக்குன்னு புள்ளய கேட்டா, ஒண்ணும் இல்லம்மா, லீவு உட்டிருக்காங்கன்றான். நீங்களே சொல்லிடுங்க." தாளில் இருந்தது தேர்வு அட்டவணை.

அன்றைக்குத்தான் தலைமையாசிரியரிடம் கேட்டு, தாளை நம்புவதை விட்டு ஆளைக் கூப்பிட்டுப் பேசுவது என்று முடிவு செய்தோம். எத்தனை மணிக்கு என்பதிலேயே முதல் சிக்கல். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. சாயங்காலம் ஐந்துக்கு வைத்தால் பால் கறக்கும் நேரம், ஆறுக்கு வைத்தால் பால் ஊற்றும் நேரம். பால் கேன் சொசைட்டியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, ராத்திரிச் சோறு இறக்குவதற்கு முன், ஏழு மணிக்கு ஒரு இடைவெளி இருந்தது. அதில்தான் கூட்டம் நடந்தது. பள்ளிக்கு வர முடியாத தூரத்து ஊர்களுக்கு நாங்களே போனோம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். தெலுங்கு வீடுகளும் தமிழ் வீடுகளும் கலந்த ஊர்களில் ஒரு சங்கதியைத் தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொல்வேன். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் தலைகள் நிமிரும்.

அப்பாக்களிடம் ஒரு பழைய பயம் இருந்தது. அவர்கள் படித்த காலத்தில் ஏழாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு. வேறு பள்ளிக்கு நடந்து போய், அறியாத முகங்களுக்கு நடுவே எழுத வேண்டும். அதில் தவறியவர்கள் நிறையப் பேர் அதோடு மாடு ஓட்டப் போனார்கள். "நான் ஏழுல போனவன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பள்ளிக் கதை முழுவதும் அதில் அடக்கம். அந்தத் தலைமுறைக்குப் பரீட்சை என்றால் வாசலை அடைக்கும் கதவு. 2010 ஏப்ரல் 1-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் எட்டாவது வரை பொதுத்தேர்வு கிடையாது, நிறுத்திவைப்பது கிடையாது என்று ஆயிற்று. உடனே அதே அப்பாக்கள் இன்னொரு ஓரத்துக்குப் போனார்கள். "எப்படியும் பாஸ் போட்டுடுவாங்க, இன்னாத்துக்கு டீச்சரம்மா பரீட்சைக்கு அனுப்பணும்? ஆலையில ஒரு வாரம் நின்னா நானூறு ஐநூறு ஆவுது."

இதற்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னால் எடுபடாது. பரீட்சை எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். ஒரு பையனின் கணக்குத் தாளையே எடுத்துப் போவேன். பெயரை மறைத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும், பின்னம் வந்தால் நின்றுவிடுகிறான், இது ஆறாவதிலேயே தெரிந்தால் இரண்டு மாதத்தில் சரி செய்துவிடலாம், பத்தாவதில் தெரிந்தால் யாராலும் முடியாது என்று காட்டுவேன். மாட்டுக்கு வைத்தியர் காய்ச்சல் பார்ப்பது போல என்று ஒரு அப்பா தன் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். என்னைவிட அவர் நன்றாகச் சொன்னார். ஆந்திரத்தில் ஆண்டுக்கு நான்கு சிறு தேர்வுகளும் இரண்டு பெரிய தேர்வுகளும் என்ற முறை இதற்காகத்தான் வந்தது. ஒவ்வொன்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அடுத்த அறையில் இருக்கிற பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் அம்மாக்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அப்பாக்களுக்கு ரேங்க் வேண்டும்.

ஆலை வேலைக்கு வேறு ஒரு பதில் இருந்தது. கரும்பு ஆலை உருளையில் விரல் போன பையனை எனக்குத் தெரியும். வலது கை. அவன் அப்பாவே ஒரு கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னார், சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டம் இறுக்கப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம், ஆபத்தான வேலையில் கூடாது என்பது அதன் விதிவிலக்கு. நான் இதைப் படித்துக் காட்டியிருந்தால் பத்து பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். அந்த அப்பா எழுந்து நின்ற பிறகு அந்த ஊரில் உருளைக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்துவது குறைந்தது. தேர்வு வாரத்தில் சக்கை அள்ளக்கூட அனுப்ப மாட்டோம் என்று அவர்களே சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில் பக்கத்தில்தான். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள்; கொடுக்கல் வாங்கல் வழக்கு, குடியை விடுகிற சபதம், எல்லாம் அந்தச் சந்நிதியில் நடக்கும். ஒரு தகப்பனார் தன் எட்டாம் வகுப்புப் பையனை அங்கே கூட்டிப்போய், இனி எண்பது மார்க்குக்குக் குறைய மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். அடுத்த தேர்வில் அறுபத்திரண்டு. பையன் புரோகிரஸ் கார்டை வீட்டில் காட்டவே இல்லை. சாமிக்குச் செய்த சத்தியம் உடைந்துவிட்டது, தனக்கு என்னவோ ஆகப்போகிறது என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தகப்பனார் ஓடி வந்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல. மகன் மேல் உயிரையே வைத்திருந்தவர். "கடவுளுக்குத் தெரியுமே, அவன் உழைச்சான்னு" என்று நான் சொன்னேன். அவர் மறுபடியும் பையனைக் காணிப்பாக்கத்துக்கே கூட்டிப்போய், தான் செய்யச் சொன்ன சத்தியத்தைத் தானே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டங்களில் மார்க்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதற்குப் பிறகு நான் ஒன்றைத்தான் கேட்டேன்: குறைந்த மார்க்கை உங்கள் பிள்ளை முதலில் யாரிடம் காட்டும்? உங்களிடம் காட்டும் என்று எத்தனை பேர் கை தூக்க முடியும்?

அந்தக் கேள்விக்குக் கை தூக்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு விஷயங்களையும் வீட்டில் சொன்னார்கள். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் உண்மையிலேயே குடும்பம் தயாராக வேண்டிய தேர்வு ஒன்று உண்டு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு, எல்லோரும் என்எம்எம்எஸ் என்பார்கள். 2008-இல் மத்திய அரசு தொடங்கியது. அரசுப் பள்ளி, ஊராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தேர்ச்சி பெற்றுப் பட்டியலில் வந்தால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்; நான்கு ஆண்டில் 48,000. முன்பு ஆண்டுக்கு 6,000-ஆக இருந்ததை 2017-இல் இரட்டிப்பாக்கினார்கள். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தாள் ஒன்று, பாடத் தாள் ஒன்று, இரண்டிலும் தொண்ணூறு தொண்ணூறு கேள்விகள், விடையை ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். பெண் பிள்ளையை எட்டாவதோடு நிறுத்தலாமா என்று யோசிக்கும் வீட்டில் இந்தப் பணம் பேசும்.

பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. வீட்டார் வேலை பெயர். இதில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தவறினார்கள். தெலுங்கு வீடுகளில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ் வீடுகளில் அப்பா பெயரின் முதலெழுத்து. பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். முதலாம் வகுப்பில் சேர்த்தபோது எழுதிய டீச்சர் தமிழ்ப் பெயரைத் தெலுங்கில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆதார் எடுத்த பையன் அதை இங்கிலீஷில் தனக்குத் தோன்றியபடி தட்டியிருப்பான். பட்டியலில் பெயர் வந்தும், பெயர் பொருந்தவில்லை என்று பணம் கணக்கில் ஏறாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. அதனால் ஏழாம் வகுப்பு முடியும்போதே ஒரு கூட்டம் பெயருக்காகவே வைத்தோம். ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். திருத்த வேண்டியதைக் கோடைக்குள் திருத்திவிட வேண்டும்; விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. பட்டியலில் வந்த பிறகும் ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லச் சொல்ல அலுக்காது எனக்கு. இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க மறந்து பணத்தை விட்ட வீடுகளின் வருத்தத்தைப் பார்த்தவள் நான்.

ஓஎம்ஆர் தாளையும் வீட்டாரிடம் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். 2022 கடைசியில் ஆந்திரத்தில் ஒன்றிலிருந்து எட்டு வரை வகுப்புத் தேர்வுகளுக்கே இந்த வட்டத் தாள் வந்துவிட்டது. அம்மாக்கள் பேனா பிடித்து ஒரு வட்டத்தை நிரப்பிப் பார்த்தார்கள். கோட்டுக்கு வெளியே போனால் இயந்திரம் படிக்காது, இரண்டு வட்டம் நிரப்பினால் விடை செல்லாது என்று தெரிந்துகொண்டார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. "வட்டம் போட்டுட்டு வர்றதுக்கு இன்னாடா அவ்ளோ பயம்" என்று ஒரு அப்பா பையனைத் திட்டியதைக் கேட்டிருந்தேன். ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது.

இனி பாதுகாப்பு விதிகள். இவை எங்கள் பள்ளிக்கு வந்த வரலாற்றை நான் நேரில் கண்டேன். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். மேல் தளத்தில் ஓலைக் கூரை, இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு. எங்கள் வீடுகளில் தமிழ்த் தொலைக்காட்சிதான் ஓடும். அன்று ராத்திரி முழுக்க அந்தப் படங்களை ஊரே பார்த்தது. மறுநாள் காலை அம்மாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வகுப்பறைக்குப் போகாமல் நேராக எங்கள் சத்துணவுச் சமையல் கொட்டகைக்குப் போனார்கள். அதுவும் ஓலைதான். எந்த அரசாணையும் வருவதற்கு முன்பே, அந்த வாரத்திலேயே, நான்கு அப்பாக்கள் ஏறி அந்தக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். தகரம் வரும்வரை சமையல் வெட்டவெளியில் நடந்தது. அவர்களுக்கு யாரும் விதி சொல்லவில்லை. காரணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இந்தத் தீ விபத்தை ஒட்டிய வழக்கில் 2009 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. தீயணைப்புக் கருவி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று நாடு முழுவதுக்குமான கட்டளைகள் அதில் இருந்தன. தீயணைப்புக் கருவி எங்கள் பள்ளிக்கும் வந்தது, தலைமையாசிரியர் அறைச் சுவரில் மாட்டப்பட்டது. அதை எப்படி இயக்குவது என்று ஆசிரியர்களுக்குக் காட்டினார்கள். சமையல் செய்யும் இரண்டு பெண்களுக்கும் காட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தானே.

2013 ஜூலை 16-இல், அதே தேதியில், பீகாரில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் பூச்சிமருந்து கலந்திருந்தது. சாப்பாடு சரியில்லை என்று பிள்ளைகள் சொன்னதாகச் செய்திகளில் வந்தது. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு இறுக்கமாகப் பிடித்தார்கள். பெற்றோர் கமிட்டியிலிருந்து ஒரு அம்மாவும் வந்து ருசி பார்ப்பது என்று எங்கள் பள்ளியில் வைத்துக்கொண்டோம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் கமிட்டியில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களுக்குக் கையெழுத்தைத் தவிர வேறு வேலை கொடுக்கப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆனால் இந்தச் சேதியைச் சொல்ல ஊரில் கூட்டிய கூட்டத்தில் நடந்ததுதான் முக்கியம். அங்கே பூச்சிமருந்து டப்பாவில் சமையல் எண்ணெய் இருந்தது என்று நான் சொன்னதும் ஒரு அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். பத்து நிமிஷத்தில் ஒரு வெள்ளை கேனோடு திரும்பி வந்தார். மாந்தோப்புக்கு அடித்த மருந்து கேன். கழுவி, நான்கு மாதமாக மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். "இத இன்னா பண்றது டீச்சரம்மா, எங்க போடறது?" அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். அன்று இரவு கோயில் திண்ணையில் காலி மருந்து கேன்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் பையன் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கயிறு கட்டியிருந்தது. கேன்களைக் குத்தி ஓட்டை போட்டு, திரும்ப யாரும் எடுக்க முடியாதபடி புதைத்தோம். தண்ணீர்க் கிணற்றுக்கு எட்டாத தூரமாகப் பார்த்து இடம் காட்டியவர் ஊரின் மூத்த பெரியவர். பள்ளிப் பாதுகாப்பு என்று கூப்பிட்ட கூட்டம் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. அது சரிதான் என்று எனக்குப் பட்டது.

ரோடு விஷயம் எங்களுக்குத் தினசரிக் கவலை. சித்தூரிலிருந்து கடப்பா போகும் சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் இடம் புத்தலப்பட்டு. திருமலைக்கும் காணிப்பாக்கத்துக்கும் போகிற வண்டிகள் நாளெல்லாம் பறக்கும். கோடையில் இன்னும் மோசம். மார்ச் நடுவில் ஆந்திரத்தில் ஒரு நேரப் பள்ளி தொடங்கிவிடும்: காலை ஏழே முக்காலுக்கு உள்ளே, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே. பத்தாம் வகுப்புத் தேர்வு மையமான பள்ளிகளில் அந்த நாட்களுக்கு நடு வகுப்புப் பிள்ளைகளின் நேரம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும். அதாவது உச்சி வெயிலில் ரோட்டில் நிற்பவர்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நேரம் மாறியது வீட்டுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பி, ரோட்டோரப் புளியமரத்தடியில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அதனால் அட்டவணை மாறும்போதெல்லாம், எத்தனை மணிக்குப் பள்ளி என்பதோடு எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு ஊருக்கும் தனியாகச் சொல்வோம். வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் அரைமணிக்குள் யாராவது தேடிக் கிளம்ப வேண்டும். நேரம் தெரியாத வீட்டில் யார் தேடுவார்கள்?

பாகாலா–காட்பாடி ரயில் பாதையும் எங்கள் பக்கம்தான் போகிறது. 2014 ஜூலை 24-இல் தெலங்கானாவில் மாசாயிபேட்டையில் ஆளில்லா கேட்டைத் தாண்டிய பள்ளிப் பேருந்தின் மேல் ரயில் மோதியது. அந்த வாரம் எங்கள் கூட்டத்துக்கு ஷேர் ஆட்டோக்காரர்களையும் அழைத்தோம். வந்தார்கள். தண்டவாளத்துக்கு முன் நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியை விடுவோம் என்று சொன்னார்கள். பிள்ளைகளின் மாமன்களும் சித்தப்பன்களும்தான் அவர்கள். விரோதியாகப் பார்த்துப் பேசினால் கேட்டிருக்க மாட்டார்கள். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளே இல்லாமல் 2019 தொடக்கத்தில் செய்துவிட்டார்கள்.

கிணறு, குட்டை, ஏரி பற்றிக் கோடை விடுமுறைக்கு முந்தைய கூட்டத்தில் பேசுவோம். சுற்றுச்சுவர் இல்லாத வயல் கிணறுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் இறங்கக் கூடாது. முழுகுகிறவனைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளை குதிக்கக் கூடாது, கயிறோ புடவையோ வீச வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினோம். 2021 நவம்பர் மழையில் திருப்பதிப் பக்கம் இராயலசெருவு ஏரிக் கரை கசிந்து ஊர்களைக் காலி செய்தார்கள். அந்த மழைக்குப் பிறகு ஓடையில் வெள்ளம் வந்தால் பள்ளிக்கு வர வேண்டாம், வருகைப் பதிவு பற்றிக் கவலை வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். வருகைப் பதிவைச் சொல்லக் காரணம் உண்டு. 2020 ஜனவரி 9-இல் சித்தூரில்தான் அம்மவொடி திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். வருகை நூற்றுக்கு எழுபத்தைந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நல்ல திட்டம், கூட்டத்துக்கு அம்மாக்களைக் கொண்டுவந்த திட்டம். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தாயையும் அந்த மழையில் பார்த்தேன்.

மிகக் கடினமான விதி ஒன்று இருந்தது. தொடக் கூடாத இடத்தில் யார் தொட்டாலும் உடனே சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. இப்படி ஒரு சேதி தெரிந்தால் ஆசிரியரோ யாரோ புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். 1098 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதினோம். ஆனால் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு பாட்டி கேட்டார்: "பெரியவங்க சொன்னா கேக்கணும்னு நாங்க சொல்லி வளக்கறோம். நீங்க கேக்காதேன்றீங்க. புள்ள எத்த கேக்கும்?" நியாயமான கேள்வி. பெரியவர்கள் சொன்னால் கேட்கட்டும், ஆனால் வீட்டில் சொல்லாதே என்று சொல்கிற பெரியவரைக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஒரு வரியைப் பாட்டி பிடித்துக்கொண்டார். சில மாதங்களுக்குப் பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன்னை ரோட்டில் பின்தொடர்ந்து வந்து மிரட்டிய ஆளைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டாள். சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிற பெண்கள்தான் அதிகம். இவள் சொன்னாள். இவள் அப்பா, குறைந்த மார்க்கைப் பிள்ளை தன்னிடம் காட்டும் என்று கை தூக்கியவர்களில் ஒருவர். பள்ளியை நிறுத்தவில்லை, போலீசுக்குப் போனார்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. 2024 டிசம்பர் 7-இல் ஆந்திரம் முழுக்க ஒரே நாளில் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோர்–ஆசிரியர் பெருங்கூட்டம் நடத்தினார்கள். முந்தின வாரம் என் இடத்தில் இருக்கும் இளம் டீச்சர் போனில் அழைத்தார். பேச வேண்டிய விஷயங்களின் பட்டியல் நீளமாக வந்திருக்கிறது, எதை விடுவது என்று கேட்டார். எதையும் விட வேண்டாம், பாதி நேரத்தைப் பெற்றோர் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கூட்டம் முடிந்த இரவு மறுபடி அழைத்தார். என்னென்ன கேட்டார்கள் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். வட்டத் தாளில் பென்சிலா பேனாவா. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு மாற்றாக என்ன கொடுப்பீர்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைத் தாழ்ப்பாள் எப்போது சரியாகும். போன் பார்த்துக்கொண்டே படிக்கிறேன் என்கிறான், அது உண்மையா. கடைசியாக, மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்க, பேரனைத் தனியாக வளர்க்கும் ஒரு பாட்டி எழுந்தாராம். "பள்ளிக்கூடத்துச் சேதி எல்லாம் போன்ல வருதுன்றீங்க. போன் பெங்களூர்ல இருக்குது, புள்ள என்கிட்ட இருக்குது. எனக்கு யாரு சொல்லுவாங்க?"

வகுப்பில் இப்படித் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த டீச்சர் உடனே கணக்கெடுத்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெருவில் போன் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். பாட்டிக்குச் சேதி சொல்ல ஒப்புக்கொண்டவர், அவர் தெருவிலேயே பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் பெண். அவள் என்னிடம் எட்டாவதில் கணக்குப் படித்தவள்.